அக்காவின் கழுத்தும் நான் எழுதிய கமெண்டும்

அக்காவின் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் பார்த்தது நான்தான். உறவுக்காரர் வீட்டு வளைகாப்பில் பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் தண்ணீர் குடித்தபோது தொண்டைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவில் ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியது. கை கழுவும் இடத்தில் மெதுவாகக் கேட்டேன்.

"அது ஒரு வருசமா இருக்குதுடி. வலியா ஒண்ணா, அது பாட்டுக்குக் கெடக்குது" என்றாள்.

என்னால் அதை அப்படியே விட முடியவில்லை. அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். காணைக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். கரும்பும், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் சொல்கிற மல்லாட்டையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். அதோடு அக்கா ஊரில் நூறு நாள் வேலைக்கு ஆள் கணக்கு எடுப்பவள். ஏரிக்கரையின் ஒரு முனையில் நின்று பெயர் கூப்பிட்டால் மறுமுனையில் மண் அள்ளுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. போக வர பஸ்தான்.

பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போட்டு அக்காவை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், கட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். முடிவைச் சொன்ன பெண் மருத்துவர், "கெட்டதுன்னு சொல்ல முடியாது, நல்லதுன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்துத் தைராய்டை எடுத்துப் பார்த்துடறது நல்லது" என்றார். மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை என்று நாள் குறித்தார்கள். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு சீரியல் பார்ப்போம். ஒரு ஆஸ்பத்திரியில் நடக்கும் கதை. நல்ல டாக்டர், கெட்ட டாக்டர், நடுவில் ஒரு நர்ஸ். முடிந்ததும் அக்கா போன் போடுவாள். அன்றைய கதையைப் பத்து நிமிடம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் சோறு வடிக்கப் போவாள். அந்த வாரம் வியாழக்கிழமை, கோயில் திருவிழாக்களில் பாடுகிற ஒரு பெண்ணுக்குக் கழுத்தில் கட்டி என்று கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் செய்த கெட்ட டாக்டர் ஏதோ அவசரத்தில் நரம்பை அறுத்துவிட்டான். கடைசிக் காட்சியில் அந்தப் பெண் கண் விழித்துப் பாட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவள் முகத்தை அப்படியே நிறுத்தி, தொடரும் என்று போட்டார்கள்.

அன்றைக்கு அக்காவிடமிருந்து போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். மாமாதான் எடுத்தார். "அவ படுத்துட்டாம்மா. தலைவலியாம்" என்றார். ஏழே முக்காலுக்கெல்லாம் படுக்கிறவள் இல்லை அக்கா.

மறுநாள் திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யூடியூபில் அந்தப் பகுதியைத் தேடினேன். காட்சியைப் பார்க்கவில்லை. கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைத்தான் படித்தேன். பாடகியாக நடித்த பெண்ணைப் பாராட்டி நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். டாக்டர் மூக்குக்குக் கீழே மாஸ்க் போட்டுக்கொண்டு கழுத்தை அறுக்கிறானே என்று ஒருவர் கேட்டிருந்தார். நர்ஸின் புடவை எங்கே கிடைக்கும் என்று ஒருவர். அதற்கு நடுவே வேறு விதமான கருத்துகளும் இருந்தன. "எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆச்சு, இன்னைக்கும் கீச்சுக் குரல்தான்." "கத்தி மட்டும் வெக்காதீங்க, நாட்டு மருந்துலயே கரையும்." "ஆயிரத்துல ஒருத்தருக்கு ஆகறதக் காட்டி ஏன் பயமுறுத்தறீங்க." இந்தக் கடைசி ஆளுக்கு ஒரே ஒரு லைக் இருந்தது. நாட்டு மருந்துக்காரருக்கு நூறுக்கு மேல்.

விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். சும்மா கிடந்த கட்டியைக் கண்டுபிடித்துச் சொன்னவள் நான். லீவு போட்டு இழுத்துக்கொண்டு போனவளும் நான். அக்காவின் குரல் போய்விட்டால் மாமாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். வாசலில் மல்லாட்டை காயப்போட்டிருந்தது. அக்கா அதைக் காலால் துழாவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் வர்லடி. டாக்டருகிட்ட சொல்லிடு."

"அது கதைக்கா. எவனோ எழுதினது."

"கதை கதைதான். கீழ எழுதிக்கினு இருக்காங்களே, அவங்க யாரு?"

வேலைக்கு வந்தவர்களைப் படம் எடுத்து அனுப்புகிற அதே போனில் அவளும் எல்லாவற்றையும் படித்திருந்தாள். சித்தியின் கீச்சுக் குரலை என்னிடமே படித்துக் காட்டினாள்.

"டாக்டர் அம்மா என்னா சொன்னாங்க? நரம்பைப் பார்த்துப் பார்த்து ஒதுக்கித்தான் எடுப்போம்னாங்கல்ல?"

"அந்த அம்மா பட்டாங்களா? நீ பட்டியா? இவங்கல்லாம் பட்டவங்க. பட்டவங்க சொல்றதக் கேக்காம பேஜாருல போய் மாட்டிக்கச் சொல்றியா?"

அவள் பட்டவர்களைத்தான் நம்பினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைச் செய்தேன். புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினேன். படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ. பிறகு எழுதினேன்: "நான் வானூர் பக்கம். மூணு வருசத்துக்கு முன்னாடி எனக்கும் இதே ஆபரேஷன் பண்ணாங்க. போறதுக்கு முன்னாடி அழுதுக்கினேதான் போனேன். பத்தே நாள்ல பழைய குரல் வந்துடுச்சி. இப்ப தெருமுனையில வர்ற தயிர்க்காரரை வீட்டுக்குள்ள இருந்தே கூப்புடறேன். சீரியலப் பார்த்து யாரும் பயப்படாதீங்க." தயிர்க்காரர் வந்த பிறகு எனக்கே அது நிஜம் போலத் தெரிந்தது. விழுப்புரம் வருவதற்குள் போட்டுவிட்டேன்.

திங்கள்கிழமை மதிய உணவு நேரத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"வானூர் பக்கம் ஒரு பொம்பள எழுதியிருக்குது, பார்த்தியா? பத்தே நாளாம்."

"அப்படியா" என்றேன். கையில் பிசைந்த தயிர்சாதம் அப்படியே இருந்தது.

"பாவம், அதுவும் அழுதுக்கினேதான் போயிருக்குது. சரி, அந்தப் புதன்கிழமை எத்தினி மணிக்கு வரணும்?"

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாறாக அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. நான் எழுதியதற்குக் கீழே பதில்கள் வரத் தொடங்கியிருந்தன. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், இரண்டு பக்கமும் எடுத்தார்களா, தழும்பு தெரிகிறதா. நான் எதற்கும் பதில் போடவில்லை. ஒரு பெண் மட்டும் மறுபடி மறுபடி வந்தார். "அக்கா, எனக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். ரெண்டு பிள்ளைங்க, சின்னதுங்க. உங்களுதப் படிச்சப்புறம்தான் எனக்குத் தைரியம். ஒரே ஒரு வார்த்தை பேசணும்க்கா." பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் அடித்துக்கொண்டிருக்கும்போதும் அந்த அக்கா என்ற வார்த்தை கண்முன் வந்தது. யாரோ ஒருவருடைய கழுத்தும் இப்போது என் பொறுப்பில் வந்துவிட்டது போல இருந்தது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் கையெழுத்து வாங்க வந்த மருத்துவர், குரல் கொஞ்ச நாள் கம்மலாக இருக்கலாம், அபூர்வமாக நிரந்தரமாகவும் மாறலாம் என்று அக்காவிடம் நேராகவே சொன்னார்.

"வானூர்ல ஒருத்தவங்களுக்குப் பத்து நாள்ல வந்துடுச்சிங்க" என்றாள் அக்கா.

"யாரு, உங்க சொந்தக்காரங்களா?"

"இல்லங்க. தெரிஞ்சவங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை மூன்று மணி நேரம் ஆயிற்று. மாமா மாடிப்படி அருகே நின்றவர் உட்காரவே இல்லை. மருத்துவர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, நரம்பு பத்திரமாக இருக்கிறது என்றார். மாமா கும்பிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. தண்ணி என்று கேட்கிறாள் என்று உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சத்தம் இல்லை. காற்றுதான் வந்தது.

மருத்துவரைத் தேடிக்கொண்டு ஓடினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "வீக்கம்மா. நரம்பு கொஞ்சம் அசந்து போயிருக்கும். சில பேருக்கு நாள் ஆகும், சில பேருக்கு வாரக்கணக்கில் ஆகும். பார்க்கலாம்" என்றார். அந்தப் பார்க்கலாமைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

எட்டாம் நாள் மருத்துவமனையில் பரிசோதனை முடிவைச் சொன்னார்கள். புற்று இல்லை. மாமா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா சிரித்தாள். ஆனால் பத்தாம் நாள் வந்தது, போனது. பதினைந்தாம் நாளும் போனது. அவள் பேச்சு காதோடு சொல்லும் ரகசியம் போலவே இருந்தது. ஏரிக்கரையில் வேறு ஒரு பெண் பெயர் கூப்பிட்டாள். இவள் பக்கத்தில் நின்று படம் மட்டும் எடுத்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். ஒவ்வொரு முறையும் அவள் வாயைத் திறக்கும் வரை உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம், அடுப்படியில் எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டே காற்றுக் குரலில் சொன்னாள்: "அந்த வானூர் பொம்பளைக்கு எழுதிக் கேளுடி. அதுக்கும் மொதல்ல இப்படித்தான் இருந்துச்சான்னு. நானே கேட்டேன், பதில் போடல. நீ நல்லா எழுதுவல்ல."

செம்பருத்திப் பூவுக்கு வந்திருந்த கேள்விகளில் அக்காவுடையதும் ஒன்று. நான்தான் கவனிக்கவில்லை.

"அக்கா, அது நான்."

அவளுக்குப் புரியவில்லை. முழுவதையும் சொன்னேன். பஸ், பூப்படம், தயிர்க்காரர். தோசை கருகும் வாசனை வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப அவ இல்லவே இல்லியா?"

"இல்லக்கா."

"உள்ள தள்ளிக்கினு போறப்ப அவளத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "ஒருத்தி நமக்கு முன்னாடி போய் வந்திருக்கான்னு. நான் தனியாத்தான் போனேன்னு இப்பத்தான தெரியுது."

அதன் பிறகு அவள் கண் கலங்கியது. எனக்கும்தான். அப்படி எழுதாமல் இருந்திருந்தால் நீ வந்திருக்க மாட்டாய் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "வந்திருப்பேனோ மாட்டேனோ. அது நான் பண்ண வேண்டிய முடிவு. அத நீ எடுத்துக்கினே."

கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாராவது அதை நம்பியிருக்கிறார்களா என்று கேட்டாள். இரண்டு பிள்ளைக்காரப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். உடனே போனை எடு என்றாள். அவள் மூச்சுக் குரலில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வானூரில் அப்படி யாரும் இல்லை என்றும், நான் என் அக்காவுக்காகப் பொய்யாக எழுதியது என்றும், அக்காவுக்கு நிஜமாகவே ஆபரேஷன் ஆகி நாலு வாரம் ஆகிறது, கட்டி கெட்டது இல்லை, ஆனால் குரல் இன்னும் வரவில்லை என்றும். "டாக்டருகிட்ட எல்லாத்தையும் வாய்விட்டுக் கேட்டுட்டு உங்க மனசுக்குச் சரின்னா போங்க" என்பது அக்காவின் கடைசி வரி. பிறகு என் பழைய கருத்தை அழிக்கப் போனேன். அழிக்காதே, பொய் என்று அங்கேயே எழுது என்றாள். எழுதினேன்.

அன்று மாலை அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. "இப்ப நான் என்ன பண்றதுங்க." அவ்வளவுதான். இந்த முறை அக்கா என்று போடவில்லை. என் அக்காவே பேசுவாள், கூப்பிடுங்கள் என்று நம்பரோடு திரும்பவும் எழுதினோம்.

ஏழாவது வாரம் அக்காவுக்குக் குரல் வந்தது. ஒரே நாளில் வரவில்லை. முதலில் காலையில் கொஞ்சம், பிறகு மதியம் வரை. இப்போது முன்பைவிடச் சற்றுத் தடித்த குரல். ஏரிக்கரையில் மறுபடி அவள்தான் பெயர் கூப்பிடுகிறாள். பாதி தூரம் நடந்து போய்க் கூப்பிடுகிறாள். என்னோடு பேசுகிறாள், ஆனால் சீரியல் முடிந்ததும் வரும் போன் நின்றுவிட்டது. நானும் அந்த நேரத்தில் டிவி போடுவதில்லை.

அந்தப் பெண்ணிடமிருந்து இன்று வரை எதுவும் வரவில்லை. அவர் சொன்ன மாதம் முடிந்துவிட்டது. காலையில் பஸ் ஏறியதும் முதல் வேலையாக அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கிறேன். எந்த ஊர் என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.