அண்ணாச்சியைத் தாண்டிப் போன ஆர்டர்கள்

கம்பெனிகளில் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுப்பவனுக்கு முதல் நாள் சாயா வரும். சில மாதம் போனால் வணக்கம் சொன்னாலும் பதில் வராது. இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஆரியசாலையில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் நடந்தது இது. கடைசிப் பகுதியை நான் நேரில் பார்க்கவில்லை. கேட்ட நாளிலிருந்து அதைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன்.

யார் சரி சொல்வது?

தொண்ணூறுகளின் கடைசி. கம்ப்யூட்டர் வைப்பதற்கு முன், எந்த வேலை யாரிடம் போகிறது என்று கேட்டு எழுதினேன். எல்லாரும் மேனேஜர் மாசிலாமணி அண்ணாச்சியைக் கைகாட்டினார்கள். சேல்ஸ்மேன் கொண்டுவரும் ஆர்டர், அவர் தலையசைத்தால்தான் குடோனுக்குப் போகும். முதலாளியைப் பார்ப்பதும் அவர் வழியாகத்தான்.

"எல்லாம் எழுதிக்கோ தம்பி. கடைசியில எனக்கு என்ன ஜோலின்னும் ஒரு வரி எழுதிரு, கேட்டோ."

பார்க்க மட்டும்

நெட்வொர்க் வந்தது. ஆர்டர்கள் நேராக முதலாளி அறைக்குப் போயின. யாருக்கு எவ்வளவு அனுமதி என்று முதலாளி சொல்லச் சொல்ல நான் பதிந்தேன். அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் பெயர் வந்ததும் முதலாளி கொஞ்சம் யோசித்தார்.

"அண்ணாச்சி பாத்தாப் போதும். செய்யப் பிள்ளைங்க உண்டல்லோ."

வாய்விட்டுச் சொல்லணும்

அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன், சேல்ஸ்மேன்கள் அவர் மேஜைக்கு முன்னால் நின்று ஆர்டரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மரியாதைக்காகச் சொன்னார்கள். கடைகளுக்கு மருந்து தாமதமாகப் போனது. முதலாளி காரணம் கேட்டார்.

மறுநாள் மேஜைக்கு முன்னால் யாரும் இல்லை. அண்ணாச்சி ஒருவனைக் கூப்பிட்டார். அவன் இருந்த இடத்திலிருந்தே சொன்னான்:

"அங்க ஓகே ஆக்கியாச்சு அண்ணாச்சி. இனி உங்ககிட்ட என்னத்தச் சொல்ல?"

போன விதம்

அடுத்த முறை நான் போனபோது அவர் மேஜையில் பிரிண்டர் இருந்தது. டெலிபோன் ஆபரேட்டர் சரோஜா கேட்காமலே சொன்னார்:

"அண்ணாச்சி தானாத்தான் ராஜி எழுதி வச்சு வேலைய விட்டாரு சார். சிரிச்சுக்கிட்டே போனாரு."

நம்பினால் எனக்கு நிம்மதி; அதனாலேயே நம்ப முடியவில்லை. ஐம்பது தாண்டி, வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காத மனிதர் எதற்குச் சிரிப்பார்? இப்போது எனக்கும் அந்த வயது.

போன மாதம் சாலைக் கடைத்தெருவில் சரோஜாவைப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டாராம். வெயில், பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டேன்:

"அண்ணாச்சி சிரிச்சத நீங்க பாத்தீங்களா, இல்ல பாத்ததாச் சொல்லச் சொன்னாங்களா?"