அம்மாக்கண்ணு தன் காலுக்குப் போட்ட மாட்டு மருந்து

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மாட்டுக் காயத்தில் புழு வைத்தால் முதலில் அம்மாக்கண்ணுவைத்தான் கூப்பிடுவார்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு, கற்பூரத்தைப் பொடித்து எண்ணெயில் குழைத்துக் காயத்துக்குள் அடைப்பார். புழு நெளிந்து விழும். மாடு பிழைத்துக்கொள்ளும். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவருக்கு அப்படி ஒரு பேர்.

அவருக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய். பாதம் மரத்துப்போயிருந்ததால், விரலிடுக்கில் அட்டை கடித்த இடம் புண்ணானதே தெரியவில்லை. ஈரச் சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு மழையிலும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனார். ஒருநாள் அவிழ்த்துப் பார்த்தால், புண்ணுக்குள் வெள்ளையாக என்னவோ அசைகிறது. மகள் லோஜினியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. மாட்டுக்குச் செய்ததையே தனக்கும் செய்தார். புழு விழுந்தது, புண் மேலே காய்ந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தார்.

பிறகு குளிர்காய்ச்சல் வந்தது. லோஜினி ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"புழுன்னு மட்டும் வாயத் தொறக்காத. மாட்டுக்கு வைத்தியம் பாக்குறவளுக்கே புழு வச்சிருச்சின்னு சிரிப்பாங்க."

"சிரிச்சிட்டுப் போறாங்கம்மா."

"சொல்லாதன்னா சொல்லாத."

டாக்டர் சிங்களத்தில் கேட்டார். அட்டை கடித்த புண் என்று மட்டும் லோஜினி சொன்னாள். ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. அம்மா படுக்கையில் கிடந்து, கூடக் கொழுந்து எடுக்கும் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். ரத்தத்தில் ஒரு கிருமி வளர்கிறது, என்ன கிருமி என்று இன்னும் பிடிபடவில்லை என்றார் டாக்டர். புண்ணில் வேறு ஏதாவது நடந்ததா என்று மறுபடி கேட்டார்.

லோஜினி அம்மாவைப் பார்த்தாள். அந்தக் காய்ச்சலிலும் அம்மா தலையை ஆட்டி, வேண்டாம் என்றார்.

அவள் சொல்லிவிட்டாள். வார்டுக்கே கேட்டது. அம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் மூக்கைப் பொத்தவில்லை. வெளிச்சம் வைத்துக் குனிந்து, காய்ந்த பொருக்கை எடுத்தார். அடியில் இன்னும் புழு இருந்தது. ஈப்புழுவோடு வரும் கிருமி அபூர்வமாக ரத்தத்திலும் ஏறிவிடும் என்று விளக்கினார். ரத்தம் சோதிக்கிறவர்களுக்கும் அதைச் சொல்லி, மருந்தை மாற்றினார். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பியது.

காய்ச்சல் இறங்கியும் அம்மா மகளோடு பேசவில்லை. லயத்தில் பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறையில், குடியிருக்கும் ஜீவராணி பார்க்க வந்தாள்.

"என்னாங்க டாக்டரம்மா, ஒங்க மருந்து ஒங்களுக்கே ஒத்துக்கலையாமே?"

அம்மாக்கண்ணு மகளை முறைத்தார். "இவகிட்டயும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அம்மாக்கண்ணு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"சிரிச்சது போதும்டி ஜீவராணி. ஒனக்கும் சீனிதான? செருப்பக் கழட்டு. காலத் தூக்கி இங்க வை."

"ஆஸ்பத்திரியிலயா? ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

ஜீவராணி தயங்கித் தயங்கிக் காலைக் கட்டிலில் வைத்தாள். அம்மாக்கண்ணு குனிந்து, ஒவ்வொரு விரலிடுக்காக விரித்துப் பார்த்தார்.