எதிர்க்கரையில் ஓர் அறை

பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்பவன் தான் போகாத ஊர்களுக்கு வழி சொல்லிப் பிழைக்கிறவன். கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வெயில் தாழும் என்று நேரில் பார்த்ததுபோலச் சொல்லப் பழகிய சக முகவர்களான உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. நாகர்கோவிலில் பதினெட்டு வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன். மத்தியதரைக் கடலை நான் பார்த்ததில்லை. அதன் கரையில் உள்ள ஊர்களில் மூன்று நாட்களை எப்படிக் கழிப்பது என்று பலருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கோட்டையும் கடலும்

தாழக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். மகள் ஜெர்மனியில். பேரனைப் பார்க்கப் போகிற வழியில் எங்காவது மூன்று நாள் தங்க வேண்டும், அதிகம் நடக்கக் கூடாது. நான் மால்டா தீவின் தலைநகரான வலெட்டாவைச் சொன்னேன். சிறிய ஊர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரைமணி நேரத்தில் நடந்துவிடலாம்.

இரண்டு நாள் உட்கார்ந்து திட்டம் தயாரித்தேன். துறைமுகம் தெரியும் தோட்டம், நண்பகலில் வெடிக்கும் பீரங்கி, பெரிய குவிமாடம் வைத்த மாதா கோயில், கோட்டை என்று பதினோரு இடங்கள். ஆசிரியர் விடைத்தாள் திருத்துவதுபோல வரிவரியாக வாசித்தார். அம்மாள் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "கோட்டை, கடலு, கோயிலு. இதுக்கு நம்ம ஊரு வட்டக்கோட்டைக்குப் போயிட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்திரலாமே."

அப்பா பெயர்

அவர்கள் பாரிஸ் போனார்கள். திட்டம் என் கணினியிலேயே கிடந்தது.

கடையில் என்னோடு இருப்பது ஷீபா ஒருத்திதான். மார்த்தாண்டத்துக்காரி. விண்ணப்பங்களை நிரப்புவது அவள் வேலை. குடும்பப் பெயர் என்ற கட்டம் வந்ததும் அவள் யாரையும் கேட்பதில்லை. அப்பா பெயரைப் போட்டுவிடுவாள். நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அங்கே போனால் அதுவே ஆளின் பெயராகிவிடும் என்பதை நாங்கள் யாரிடமும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நீங்களும் சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர் ரோமுக்குப் போய்விட்டு வந்தார். விடுதிச் சாவியின் உறையில், பேருந்துப் பட்டியலில், காலைச் சாப்பாட்டு மேசையில், எங்கும் அவருடைய அப்பாவின் பெயர். புகார் சொல்லத்தான் வந்திருந்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பா கேரளா பார்டரு, பாறசாலைக்கு அங்கிட்டு போனதே இல்ல. செத்து பதினேழு வருசம் கழிச்சு ரோம் வரைக்கும் போயிட்டு வந்திட்டாரு."

மூன்று நாளும் ஒரே வேலை

சூசைமிக்கேல் ஒரு மழைநாளில் குளச்சலிலிருந்து வந்தார். அறுபதைத் தாண்டியவர், தடித்த மூக்குக்கண்ணாடி. நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். முழங்கால் தேய்ந்த பிறகு போவதில்லை. கையில் பாஸ்போர்ட்டும் பூப்போட்ட உறையிட்ட ஒரு கைபேசியும் இருந்தன. "வலெட்டா. மூணு நாளு," என்றார். எங்கள் கடைக்கு வந்து அந்த ஊரின் பெயரைத் தானாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பழைய திட்டத்தை அச்செடுத்து உற்சாகமாக வாசித்தேன். தோட்டம் வேண்டாம் என்றார். பீரங்கி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மீன்சந்தை உண்டு, அங்குள்ள படகுகளின் முன்பக்கத்தில் கண் வரைந்திருப்பார்கள் என்றேன். "படகுக்குக் கண்ணா?" என்று கேட்டார். பிறகு அதுவும் வேண்டாம் என்றார். சரி, குவிமாடம் வைத்த கோயிலுக்குப் பக்கத்திலேயே நல்ல விடுதி இருக்கிறது, அங்கே அறை போடுகிறேன் என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அதுக்கு அடியில இருந்தா அது எப்பிடித் தெரியும்? எனக்கு எதிர்க்கரையில ரூம் போடுங்க, சாரே. நான் ஊரு பாக்கப் போவல. நிக்கப் போறேன்."

இரண்டு கோடுகள்

அடுத்த முறை வந்தபோது கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ ஒரு ஜன்னலிலிருந்து எடுத்தது. கீழே நீர். நீருக்கு அப்பால் வலெட்டா. குவிமாடமும் அதன் தோளை உரசியபடி ஒரு கூம்புக் கோபுரமும். இந்தக் காட்சி தெரியும் விடுதி வேண்டுமா என்று கேட்டேன். அவர் மறுத்தார். இந்த ஜன்னல் எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நான் நெல்வயல் ஊர்க்காரன். கடலில் இடம் குறிப்பது எப்படி என்று அவர்தான் சொன்னார். அடியில் பாறை கிடக்கிற இடத்துக்கு நேர்மேலே படகை நிறுத்த வேண்டும் என்றால், கரையில் ஒரு கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் ஒரு மலையையும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் ஒட்டித் தெரிந்தால் அது ஒரு கோடு. வேறு திசையில் இன்னொரு ஜோடி, இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் வலை இறங்கும். இந்தப் படத்தில் குவிமாடமும் கூம்பும் ஒரு ஜோடி. ஓரத்தில் சின்னத் தீவொன்றில் கோட்டையின் மூலை, அதன் பின்னால் ஓர் உயரமான கட்டடம். இது அடுத்த ஜோடி. ஷீபா படத்தின் நடுவில் நின்ற ஒரு படகின் பாய்மரத்தைத் தொட்டு, இதையும் வைத்துக்கொள்ளலாமே என்றாள். "அது மிதக்குத சாதனம், மோளே. மிதக்குததை வச்சு எடம் குறிக்கப்பிடாது," என்றார்.

"படம் யாரு எடுத்தது, அண்ணாச்சி?" என்று அவள்தான் கேட்டாள்.

மகன் ஜெபின். ஐந்து வருடம் முன்பு விடுதி வேலைக்கு என்று போனவன். அம்மாவுக்கு அனுப்பிய படம் இது. கைபேசியும் அந்த அம்மாவுடையது. அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. அடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை. அவனோடு போன பையன் வேறு நாட்டுக்கு மாறிவிட்டான். ஸ்லீமா என்று கரையின் பெயரை மட்டும் சொன்னான், தெரு தெரியாது. ஜெபினின் பழைய எண்ணில் கூப்பிட்டால் இப்போது யாரோ எடுக்கிறார்கள். அந்தக் கைபேசியை மட்டும் இவர் ஒருநாளும் அணையவிடவில்லை.

"அடக்கத்துக்கு மறுநாளு விளிச்சான். அழுதான். இனி இந்த நம்பருக்கு விளிக்கப்பிடாதுன்னு சொன்னேன். சின்னதுல இருந்து நான் சொன்ன ஒரு சொல்லையும் கேக்காதவன், சாரே. அதை மட்டும் கேட்டுட்டான்."

தெரிந்தவர் உண்டா

பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் ஷீபா சுற்றுலா என்று போட்டாள். எல்லோருக்கும் போடுவது அது. பிறகு, விசா மையத்தில் கேட்கக்கூடும் என்பதால், அங்கே சொந்தக்காரர், தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டாள். உண்டு என்றால் முகவரி வேண்டும், அழைப்புக் கடிதம் வேண்டும். இரண்டும் இல்லை. நம் தொழிலில் இந்த இடம் வரும்போது நாம் திரையைப் பார்ப்போம், ஆளைப் பார்க்க மாட்டோம். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததும் ஒரு யோசனைதான்.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த உலகப்படத்தைப் பார்த்தார். "இல்லைன்னு போடு, மோளே," என்றார். தலைமையாசிரியருக்குத் தயாரித்த பதினோரு இடங்களும் அவர் பெயரில் விண்ணப்பத்தோடு போயின. கையெழுத்துப் போட்டுவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"அண்ணைக்கு அவன் வேண்டாம்னு வாயால சொன்னேன். இண்ணைக்கு எழுதியும் குடுத்தாச்சு."

அழைப்புமணி

விசா கிடைத்தது. ஸ்லீமாவில் தண்ணீரைப் பார்த்த ஓர் அறை போட்டேன்.

முதல் நாள் ஒரு படம் வந்தது. ஒரு சொல்லும் இல்லை. கூம்பு குவிமாடத்தை விட்டு இரண்டு விரல்கடை தள்ளி நின்றது. ஷீபா மகனின் படத்தைத் திரையில் ஒருபக்கம் வைத்து, இதை மறுபக்கம் வைத்தாள். இரண்டாம் நாள் நான்கு படங்கள். ஒவ்வொன்றிலும் கூம்பு கொஞ்சம் நெருங்கியது. கோட்டை மூலை மட்டும் இடத்துக்கு வரவில்லை. அந்த முழங்காலோடு அவர் ஏறி இறங்கிக்கொண்டிருந்த தெருக்களை நான் வரைபடத்தில் தேடினேன். என் திட்டத்தில் அந்தத் தெருக்கள் எதுவும் இல்லை. மறுநாள் காலை அவருக்கு விமானம் என்ற நிலையில், மூன்றாம் நாள் நண்பகல் குரல் செய்தி வந்தது. பின்னால் காற்றின் சத்தம்.

"சாரே, ரெண்டு கோடும் வெட்டுதது ஒரு மஞ்சக் கட்டடத்துல. வாசல்ல எட்டு பெல்லு இருக்கு, பக்கத்துல பேரு ஒட்டியிருக்கு. ஜெபின்னு ஒண்ணும் இல்ல. ஆறாவதுல என் பேரு இருக்கு. பாஸ்போர்ட்டை எடுத்து எழுத்து எழுத்தா ஒத்துப் பாத்தேன். என் பேருதான். அமுக்கட்டுமா, வேண்டாமா?"

எங்கள் கடையைப் போன்ற ஏதோ ஒரு கடையில், ஷீபாவைப் போன்ற யாரோ ஒருத்தி, ஜெபினின் விண்ணப்பத்தில் கேட்காமலேயே அப்பா பெயரைப் போட்டு நிரப்பிய கட்டம் அது. அதை அவன் கதவில் ஒட்டியிருக்கிறான். இத்தனை வருடத்தில் எந்தப் பயணியும் என்னிடம் இப்படியொரு வழி கேட்டதில்லை. ஷீபா என் கையிலிருந்து கைபேசியை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டாள்.

"அமுக்குங்க, அண்ணாச்சி. உங்க பேருதானே."

ஜன்னல்

பதில் வரவில்லை. சாப்பிட்டோம். இரண்டு பேருக்கு துபாய் சீட்டு போட்டோம். திற்பரப்பு அருவிக்கு வேன் கேட்டு வந்தவர்களை அனுப்பினோம். நான்கு மணிக்குக் கைபேசி அதிர்ந்தது.

குவிமாடம், தோளை உரசிய கூம்பு, கோட்டை மூலை, அதன் பின்னால் கட்டடம். மகனுடைய பழைய படத்தையே தவறுதலாக அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். ஷீபா திரையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அந்தப் பாய்மரம் இதில் இல்லை. பிறகு படத்தின் கீழ்விளிம்பில் விரலை வைத்தாள். ஜன்னல் கட்டையின்மேல், மடக்காமல், அவருடைய மூக்குக்கண்ணாடி.

"இது தெருவுல நிண்ணு எடுத்ததில்ல, அண்ணா. அவரு மேல ஏறியாச்சு."

தலைமையாசிரியருக்குப் போட்ட அந்த வலெட்டா திட்டம் இன்னும் என் கணினியில் இருக்கிறது. அதிலுள்ள பதினோரு இடங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பிய ஒரே ஒரு ஆளுக்குத்தான் அது இதுவரை பயன்பட்டிருக்கிறது.