தம்பி விட்ட கொட்டாவி

டொரொண்டோ பியர்சன் விமான நிலையத்தில் நியூஜேர்சி விமானத்துக்காகக் காத்திருக்கிறேன்.

நியூஜேர்சியில் என் தம்பி விமானக் கட்டுப்பாட்டாளர். டவரில் இருந்து விமானங்களை இறக்குவது அவன் வேலை. பட்ஜெட் நிறைவேறாமல் அமெரிக்க அரசாங்கம் முடங்கி ஒரு மாதமாகிறது. சம்பளம் இல்லை. அத்தியாவசிய வேலை என்பதால் வீட்டில் நிற்கவும் முடியாது.

சற்று முன் அவனை அழைத்தேன்.

"எங்கையடா நிக்கிறாய்?"

"பீட்சா குடுக்க வந்தனான் அக்கா. டியூட்டி இல்லாத நேரம் டெலிவரி ஓடுறன். வாடகை கட்டவேணுமெல்லே."

"எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டனி?"

"மூண்டு." நீளமாகக் கொட்டாவி விட்டான்.

"சுகமில்லை எண்டு லீவு போடன்."

"நேற்று நாலு பேர் வரேல்லை. நானும் போட்டா ஆர் பாக்கிறது?"

என் பயம் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. நீங்கள் வந்து இறங்கிற நேரம் நான்தான் டியூட்டியில நிப்பன்."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். அதைக் கேட்டபிறகுதான் பயம் கூடியது. ஒரு பிழை நடந்தால் அதை ஆயுளுக்கும் சுமக்கப்போவதும் அவன்தான்.

"அதுக்கு முன்னம் ஒரு மணித்தியாலமாவது படுத்தெழும்படா" என்று கெஞ்சினேன்.

"இன்னும் ரெண்டு டெலிவரி இருக்கக்கா."

இப்போது ஏறச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பின்னால் நிற்பவர்களை எல்லாம் முன்னால் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

டொரொண்டோவிலிருந்து நியூஜேர்சிக்கு பஸ்ஸில் போனவர்கள் யாராவது இருந்தால், எத்தனை மணித்தியாலம் என்று கீழே கொமென்ட்டில் சொல்லுங்கள். கொஞ்சம் கெதியாகச் சொல்லுங்கள்.