ஆமைக்குப் போட்ட களம்

எங்கள் ஆமையை நாங்கள் 'அவன்' என்றுதான் சொல்வோம். ஆணா பெண்ணா என்று யாரும் பார்த்ததில்லை. மலையடிவாரத்தில் எஸ்டேட் ஜீப்புக்கு முன்னால் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தவனை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். முதுகெல்லாம் மஞ்சள் நட்சத்திரங்கள். அந்த ஜாதி ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பது கொட்டச்சேட்டில் எங்கள் எஸ்டேட் வீட்டு வரிசையில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான்: ஆமை வாசற்படி ஏறக்கூடாது.

"ஏனுங்க, அது மட்டும் ஊட்டுக்குள்ள வந்துச்சு, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்" என்றாள். ஆகவே அவனுக்குப் புழக்கடையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்கு அடியில், ஒரு பலகைப் பெட்டி ஒதுக்கப்பட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆமை எனக்கு என்று முடிவாகிவிட்டது.

அப்பாவுக்கு எஸ்டேட் களத்தில் வேலை. காப்பிக்கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். ஈரம் என்றாலே அந்த மனிதருக்கு ஆகாது. காய்ந்த துணியைக்கூட ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவர் ஆமைப் பெட்டியைச் சும்மா விடுவாரா? அடியில் ஓட்டைகள் போட்டு, உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி, அதன் மேல் அடுப்புக்கரி, அதன் மேல் மணல், கடைசியில் காட்டு மண் என்று அடுக்கினார். மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் கீழே சொட்டுச் சொட்டாக இறங்கியது. எங்கள் இரண்டு பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் காலை பார்த்தால், பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தட்டகலத்துக்கு ஈரம். அப்பா ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பார்த்தார். உருண்டையாக நின்றது.

"தண்ணி ஊத்துனியா சாமி?"

"இல்லைங்கப்பா."

அவர் நம்பவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி அடுக்கினார். மறுநாளும் அதே மூலையில் ஈரம். கூரைத் தகரத்தை மாற்றினார். அப்போதும் ஈரம் போகவில்லை. சேர்வராயன் சாமி மேல் சத்தியம் செய்தும் பழி என் தலையில்தான் விழுந்தது.

"பொங்க நோம்பிக்குள்ள ஈரம் நிக்கோணும் கண்ணு. இல்லைன்னா எடுத்த எடத்துலயே உட்டுட்டு வந்துருவேன். ஈரத்துல கெடந்தா ஓடு அழுகிப்போயிரும்."

பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து பெட்டியருகே காவல் உட்கார்ந்தேன். அவன் மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பின்னங்கால்களால் மண்ணைப் பறித்தான். தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். என்ன குறை வைத்தோம்? தக்காளி போடவில்லையா, கீரை போடவில்லையா? அவன் தோண்டுகிற குழியையெல்லாம் மூடி, டம்ளரின் அடியால் அழுத்திச் சமப்படுத்தினேன். மறுநாள் மறுபடி அதே குழி, அதே ஈரம். கோபத்தில் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நானே அழுதேன்.

"என்னத்தையோ தேடுதுங்க" என்றாள் அம்மா, தூரத்தில் நின்றபடி.

"ஆமை என்னத்தத் தேடும்" என்றார் அப்பா.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் எஸ்டேட்டில் மிச்சமான சிமெண்டு கொஞ்சம் வாங்கி வந்தார். மண், மணல், கரி எல்லாம் காப்பிச் செடி அடிக்குப் போயின. பெட்டிக்குள் ஒரு குட்டிக் களமே போட்டுவிட்டார். தண்ணீர் ஓட ஒரு பக்கமாக வாட்டம், வாட்டத்தின் முடிவில் ஓட்டை, ஓட்டைக்குக் கம்பி வலை. சிமெண்டு இறுகும்வரை அவனைக் கூடையில் வைத்திருந்தோம். பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மொத்தமும் வழுக்கிக்கொண்டு ஓடிப்போனது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆமை எனக்கே என்று அர்த்தம்.

இரண்டு நாள் அவன் ஒன்றும் தின்னவில்லை. நான் வீட்டுப்பாடம் எழுதும்போதெல்லாம் சிமெண்டில் கால் உரசும் சத்தம் கரகரவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தகரத்தைத் தூக்கினேன். கம்பி வலையோரம் சின்ன எலுமிச்சை அளவில் வெள்ளையாக நான்கு முட்டைகள் உருண்டு கிடந்தன. நான்கும் விரிசல் விட்டிருந்தன. ஒன்று உடைந்து தரையெல்லாம் மஞ்சள்.

அவன் எப்படி முட்டையிட்டான் என்று குழம்பக்கூட எனக்கு நேரமில்லை. அப்பா வருகிற நேரம். தரை ஈரமாக இருந்தது. முட்டைகளைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு இரண்டு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். மஞ்சள் முழுக்க வாட்டத்தில் ஓடி ஓட்டை வழியாகப் போனது. மிச்சத்தைப் பாவாடையால் துடைத்தேன்.

"பாருங்கப்பா, ஒரு சொட்டு ஈரமில்லை" என்று காட்டினேன்.

அப்பா குந்தி உட்கார்ந்து முட்டைகளைப் பார்த்தார். ஆமையைத் தூக்கிப் பின்னங்கால்களைத் திருப்பிப் பார்த்தார். தோல் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. பின்னாலேயே வந்த அம்மா, "அய்யோ, மண்ணுக்குத்தாங்க தேடியிருக்குது" என்றாள். முதல்முறையாக ஆமையைக் கையில் வாங்கினாள்.

பெண் ஆமை தன் சிறுநீரையே விட்டு மண்ணை இளக்கித்தான் முட்டைக்குக் குழி பறிக்கும் என்பதை வெகுநாள் கழித்துப் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மறுநாள் அப்பா அவனை எடுத்த இடத்திலேயே விட்டுவர ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினார் என்பதுதான். ஈரம் நின்றால் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் அவர். ஈரமும் நின்றுவிட்டது. வாக்குத் தவறிய மனிதரோடு பொங்கல் முடியும்வரை நான் பேசவில்லை.