வேலாயுதம் கொண்டுவந்த பிஸ்டன்

மலாயாவில் வெள்ளையர் ஆட்சி அறிவித்த அவசரகாலத்தில் ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் கைக்கு எதுவும் போகாதபடி, கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு பொருளுக்கும் அனுமதிச் சீட்டு எழுதுவது என் வேலை.

என் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை வீட்டுச் சமையலறையில் பிரித்துப் போட்டிருந்தேன். வீட்டில் எஞ்சின் வேலை செய்யக் கூடாதென்பது துரையின் உத்தரவு. சீட்டில் பொய் எழுத என் மனசாட்சி இடம் தரவில்லை. ஆகவே சிரம்பானிலிருந்து பிஸ்டன் வாங்கிவர, பால்மரம் சீவும் வேலாயுதத்தைச் சீட்டே இல்லாமல் அனுப்பினேன்.

கேட்டில் காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியேதான் விசாரணை.

"என்னடா இது, வெடிகுண்டா? காட்டுல யாருக்குக் கொண்டுபோற?"

"மோட்டார் சாமான்யா."

"உன்கிட்ட சைக்கிளே இல்ல, மோட்டாராம்லா! யாரோடது?"

வேலாயுதம் என்னைப் பார்த்தார். 'என்னுடையது' என்று நான் சொன்னால் போதும். வேலை போய்விடுமே என்று குனிந்து பதிவேட்டை எழுதினேன். அவரும் என் பெயரைச் சொல்லவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரமே 'தண்ணீர்ப் பம்பு சாமான்' என்று ஒழுங்காகச் சீட்டெழுதி வேறு பிஸ்டன் வரவழைத்தேன். வண்டி அருமையாக ஓடியது.

நாற்பது நாள் கழித்து அவரை விட்டார்கள். இளைத்துப்போனவர் நேராக ஆபீசுக்கு வந்தார்.

"மன்னிச்சிருங்க கிராணி ஐயா. சாமான அவங்க திருப்பித் தரல."

"பரவாயில்ல, விடுப்பா" என்றேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன், மன்னித்து அனுப்பினேன். அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.