கதவை மறைத்த பலகை

தொண்ணூறுகளின் நடுவில் மதுக்கரைப் பக்கம் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அங்கே பெண்கள் பதினாறு பேர். எங்களுக்குக் கழிப்பறை ஒன்று. நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. குழாயில் தண்ணீர் வராது. பீங்கான் முழுக்க மஞ்சள் படிந்திருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு போனாலும் நாற்றம் சேலையில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்கமாட்டோம். எனக்கு நீர்க்கடுப்பு வந்து இரண்டு முறை ஊசி போட்டாயிற்று.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் அப்போது ஜப்பான் ஆர்டர் ஒன்றுக்காகத் தவம் கிடந்தார். ஒரு ஜெராக்ஸ் தாளை என் கையில் திணித்தார். அதில் இரண்டு ஜப்பான் எழுத்து: 清掃. ‘செய்சோ’ என்று வாசிக்க வேண்டுமாம். கூட்டித் துடைப்பது என்று அர்த்தமாம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அதைப் பெரிய பலகையில் நான்தான் எழுத வேண்டும்.

"மொதல்ல வார்த்தையப் படிங்க அம்மணி. சுத்தமெல்லாம் பின்னாடியே வருமுங்க" என்றார்.

ஏட்டுச் சுரைக்காய் என்று தெரிந்தும் படித்தேன். அதுதான் இன்னும் எரிச்சல். எழுத்துக்குப் பதினோரு கோடு. முதல் எழுத்தின் ஓரத்தில் இருக்கிற மூன்று கோடு மூன்று துளி தண்ணீராம், இரண்டாவதன் ஓரத்தில் இருப்பது ஒரு கையாம். எங்கள் கழிப்பறைக்கு இல்லாத இரண்டும் எழுத்தில் இருந்தன. ஒரு வாரம் பழைய பில் தாள்களில் எழுதிப் பழகி, நீலப் பெயிண்டில் பலகையை முடித்தேன். அழகாகவே வந்து தொலைத்தது.

ஜப்பான்காரர் வந்த அன்று காலை போய்ப் பார்த்தால் கழிப்பறையைப் பூட்டி, கதவே தெரியாதபடி என் பலகையை அதன்மேல் அடித்திருந்தார்கள்.

"ஏனுங்க சார், நாங்க எங்கீங்க போறது?"

இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

மத்தியானம்தான் விருந்தாளி வந்தார். பலகையைப் பார்த்து மகிழ்ந்து குனிந்து வணங்கினார். யார் எழுதியது என்று கேட்க, மேனேஜர் என்னை முன்னே தள்ளினார். பலகை பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். கதவிடுக்கில் நாற்றம் வந்துகொண்டேயிருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே நின்றோம், சீ.

ஆர்டர் கிடைத்தது. பலகை ராசியானது என்று அதை எடுக்கவே விடவில்லை. ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். நாங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் முள்செடி மறைவுக்குப் போய்வந்தோம்.

போட்டோவை ஆபீசில் மாட்டினார்கள். அதில் நான் கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம், பொண்ணுக்கு என்ன வெட்கம் பாருங்க என்றார்கள்.